பழைய அம்பாசடருக்கு ரூஃப் லைனிங்: 9,600 ரூபாய் வேலை 27,350 ஆன கதை



இந்த வாரம் எஸ்ஐபி பத்தி இல்ல, டேக்ஸ் ரெஜிம் பத்தியும் இல்ல. ஒரு பழைய காரோட கூரைத் துணியை வச்சு ஒரு பட்ஜெட் பாடம் பார்க்கப் போறோம். "என்கிட்ட பழைய காரே இல்லையே சார்"னு இந்தப் பக்கத்தை மூடிடாதீங்க. வீடு ரிப்பேர், செகண்ட் ஹேண்ட் பைக், பாத்ரூம் டைல்ஸ், எதுவா இருந்தாலும் பணம் எங்க கசியுதுங்கிறது இதே மாதிரிதான்.

எங்க சொந்த ஊர் திருத்தணி. வீட்டு வாசல்ல ஒரு 1974 மாடல் அம்பாசடர் நிக்குது. தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டினது. அப்பாவுக்கு இப்ப 71 வயசு. முழங்கால் வலியால மலைக்கோவிலோட 365 படியையும் ஏற முடியல. அதனால மாசத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, இந்த வண்டியிலதான் மலைப் பாதை வழியா மேல போயிட்டு வருவார். போன வருஷம் கூரைத் துணி கிழிஞ்சு தொங்க ஆரம்பிச்சது. ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையால தலைக்கு மேல துணியைத் தூக்கிப் பிடிக்கிறது. மலைப் பாதை வளைவுல இது சாதாரண விஷயம் இல்ல.

அந்த நேரத்துலதான் என் சித்தப்பா பையன் போன் பண்ணான். வயசு 26, ஒரகடம் பக்கம் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000.

"அண்ணா, பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. ஒன்றரை லட்சம். பெரியப்பா வண்டியை ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணிடலாம். இது செலவே இல்லண்ணா, இன்வெஸ்ட்மென்ட். பின்னாடி வித்தா டபுளா போகும்."

நான் கேட்ட முதல் கேள்வி: "டேய், பெரியப்பா அதை விக்கச் சொன்னாரா?"

அவன் பதில் சொல்லல. சரி, கணக்கைப் பார்ப்போம்.

முதல்ல அந்த லோன் கணக்கு

1,50,000 ரூபாய், 14% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 5,127 ரூபாய். மூணு வருஷத்துல மொத்தமா கட்டறது சுமார் 1,84,560. அதுல வட்டி மட்டும் சுமார் 34,560.

32,000 சம்பளத்துல 5,127ங்கிறது 16 சதவீதம். அவன்கிட்ட எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். "அடுத்த மாசத்துல இருந்து ஸ்டார்ட் பண்ணலாம்னு இருக்கேன்"னான். இந்த பதிலை நீங்களும் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க!

நான் சொன்னது இதுதான்: "இப்ப பெரியப்பாவுக்குத் தேவை ரெஸ்டோரேஷன் இல்ல, கூரைத் துணி. அதை மட்டும் செய்வோம். லோன் இல்லாம, ரெண்டு பேரும் சேர்ந்து."

அவனுக்கு முதல்ல பிடிக்கல. அப்புறம் ஒத்துக்கிட்டான். ஒரு கூரைத் துணிக்கு என்ன ஆகிடப் போகுதுன்னு நானும்தான் நினைச்சேன். சி.ஏ. படிச்சவனும் தப்புக் கணக்கு போடுவான்னு அப்புறம் தெரிஞ்சது.

ஹெட்லைனர்னா என்ன?

காருக்குள்ள தலைக்கு மேல இருக்கிற துணி அல்லது ரெக்ஸின்தான் ஹெட்லைனர். நம்ம ஊர் சீட் கவர் கடையில ரூஃப் லைனிங்னு சொல்லுவாங்க. இதுல ரெண்டு வகை.

இப்ப வர்ற கார்கள்ல, அச்சுல வார்த்த ஒரு அட்டை மேல மெல்லிய ஸ்பான்ஜ், அதுக்கு மேல துணி. நம்ம வெயில்ல வருஷக்கணக்கா நிக்கும்போது அந்த ஸ்பான்ஜ் மாவு மாதிரி உதிர்ந்துடும். துணி தொங்க ஆரம்பிக்கும். 12 வருஷ செகண்ட் ஹேண்ட் கார் வச்சிருக்கிறவங்க இதைப் பார்த்திருப்பீங்க. அதே துணியை மறுபடி பசை போட்டு ஒட்டினா நிக்காது. பசை பிடிக்க வேண்டிய ஸ்பான்ஜே போயிடுச்சு. அட்டையைக் கழட்டி, சுரண்டி சுத்தம் பண்ணி, புது ஸ்பான்ஜ் துணி ஒட்டணும். குண்டூசி குத்தி வைக்கிறது தற்காலிக வேலைதான்.

பழைய கார்கள்ல அட்டை கிடையாது. கூரைக்குக் கீழ, இடமிருந்து வலமா வளைஞ்ச இரும்புக் கம்பிகள் வரிசையா இருக்கும். லைனிங் ஒரே துண்டு இல்ல. அகலவாக்கில வெட்டின பல துண்டுகளைச் சேர்த்துத் தைச்சிருப்பாங்க. ஒவ்வொரு தையலோட பின்பக்கமும் ஒரு பட்டி இருக்கும். பாவாடையில நாடா கோர்க்கிற மடிப்பு மாதிரி. அதுக்குள்ள கம்பி நுழையும். கம்பியோட ரெண்டு முனையும் கூரையோட பக்கவாட்டு ஓட்டையில உட்காரும். ஓரங்களை இழுத்து, பசை போட்டு ஒட்டி, மேல பீடிங்கும் கண்ணாடி ரப்பரும் மூடும்.

அதாவது இந்தத் துணி நிக்கிறது பசையால மட்டும் இல்ல. கம்பி, தையல், இழுவை, ரப்பர் எல்லாம் சேர்ந்துதான் தாங்குது. இதை மனசுல வச்சுக்கோங்க. கதையே இங்கதான் இருக்கு.

அம்பாசடர்ங்கிறதால என்ன வசதி, என்ன சிக்கல்?

இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையா வச்சு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்சதுதான் அம்பாசடர். மேற்கு வங்கத்துல உத்தர்பாரா ஆலையில 2014 மே வரைக்கும் உற்பத்தி நடந்தது. 2017-ல அந்தப் பேரையே 80 கோடி ரூபாய்க்கு பெஜோ நிறுவனத்துக்கு வித்துட்டாங்க. நம்ம திருவள்ளூர்லயும் அதே கம்பெனிக்கு ஒரு ஆலை இருந்தது. ஆனா அங்க வந்தது மிட்சுபிஷி லான்சர், அம்பாசடர் இல்ல.

அரை நூற்றாண்டுக்கு மேல ஓடின வண்டிங்கிறதால, மெக்கானிக் பாகங்களுக்கு ஓரளவு வழி இருக்கு. சென்னை புதுப்பேட்டையில தேடினா பல சாமான் கிடைக்கும். ஆனா உங்க வருஷ மாடலுக்குச் சரியா பொருந்துற ரெடிமேட் கூரை லைனிங்கைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அளவு எடுத்துத் தைக்கிறதுதான் நடைமுறை. தைக்கிற வேலைன்னா, தைக்கிறவர் கையிலதான் எல்லாம்.

முதல் தப்பு: பேப்பர் இல்லாம கொடுத்த 3,000

முதல்ல ஒருத்தர்கிட்ட கொடுத்தோம். டேப் வச்சு கூரையை அளந்தார். "துணி நீங்க வாங்கிக் கொடுங்க சார், கூலி 7,500, ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்"னார். நான் சென்னை ஜி.பி. ரோட்டுல 5 மீட்டர் ரெக்ஸின் வாங்கினேன். மீட்டர் 420, ஆக 2,100. மொத்தம் 9,600. மனசுக்குள்ள டிக் போட்டுட்டேன். 3,000 அட்வான்ஸ் கையில கொடுத்தேன். ரசீது கேட்கல. தெரிஞ்சவர் மூலமா வந்தவர், கேட்டா தப்பா நினைப்பாரோன்னு ஒரு தயக்கம்.

பழைய துணியைக் கழட்டிப் பார்க்காமலே, டேப் அளவை நம்பி வெட்டிட்டார். மாட்டும்போது பின் கண்ணாடி பக்கம் ரெண்டு விரல் அளவு பத்தல. "ஒட்டுப் போட்டுடலாம் சார், தெரியாது"ன்னார். இழுத்துக் கட்ட வேண்டிய துணியில ஒட்டுப் போட்டா ஒரு கோடைக்குத் தாங்காது. வேண்டாம்னு சொல்லிட்டோம். அட்வான்ஸ் திரும்பி வரல. வெட்டின ரெக்ஸினும் வீண். 5,100 ரூபாய் போச்சு.

யார் மேல தப்பு? அளவு அவர் தப்பு. ஆனா "எப்படிச் செய்யப் போறீங்க"ன்னு கேட்காதது, எதையும் எழுதி வாங்காதது, ரெண்டும் என் தப்பு. கம்பெனி ஆடிட்ல ஒரு வவுச்சர் இல்லைன்னா கேள்வி மேல கேள்வி கேட்கிற ஆள் நான்!

ரெண்டாவது ஆள் கேட்ட ஒரே கேள்வி

அப்புறம் திருத்தணியிலயே பஸ், லாரி சீட் தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட போனோம். வண்டியைச் சுத்திப் பார்த்தார். விலை சொல்லல. அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, கண்ணாடியை யார் கழட்டுறது?"

எங்களுக்குப் புரியல. அவர் விளக்கினார். துணியோட முன் ஓரமும் பின் ஓரமும் கண்ணாடி ரப்பருக்குள்ள போகுது. கண்ணாடியைக் கழட்டாம ஓரத்தை ஒழுங்கா இழுத்து ஒட்ட முடியாது. கழட்டினா, காய்ஞ்சு கெட்டியான பழைய ரப்பர் உடையும், புதுசு வாங்கணும். துணியை எடுத்தா மேல தகரம் தெரியும். "50 வருஷ வண்டி, துரு இல்லாம இருக்காது. அதை அப்படியே மூடிட்டா, அடுத்த மழைக்கு என் துணியில கறை ஏறும். அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

நண்பர்களே, இந்தப் பதிவுல நீங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா அது இந்தக் கேள்விதான்: "இந்த வேலையைச் செய்யணும்னா, வேற எதையெல்லாம் கழட்டணும்?"

துணியோட விலை பட்ஜெட் இல்ல. துணி வரைக்கும் போய்ச் சேர ஆகுற செலவுதான் பட்ஜெட். பாத்ரூம் டைல்ஸ் மாத்தினா பைப் தெரியும். பைப் தெரிஞ்சா பிளம்பர் வருவார். ஸ்விட்ச் போர்டு மாத்தினா பழைய வயர் தெரியும். எல்லா ரிப்பேரும் இப்படித்தான்.

வேலை எப்படி நடந்தது?

தம்பி ரெண்டு நாள் லீவு போட்டு கூடவே இருந்தான். நடந்தது வரிசையா:

1. கழட்டுறது: பேட்டரி ஒயரை எடுத்தாங்க. ரூஃப் லைட், சன் வைசர், உள் கண்ணாடி, பீடிங், அப்புறம் முன் பின் கண்ணாடிகள். ஒவ்வொண்ணுக்கும் போன்ல போட்டோ. ஸ்க்ரூ எல்லாம் தனித்தனி கவர்ல, மேல பேர் எழுதி.

2. கம்பிக்கு நம்பர்: ஒவ்வொரு கம்பியோட வளைவும் நீளமும் வேற. முன்னாடி இருந்து 1, 2, 3ன்னு நம்பர், இடது வலது அடையாளம், எந்த ஓட்டையில இருந்ததுன்னு குறிப்பு. இதை விட்டுட்டா ஒரு கம்பி இடம் மாறினாலே துணி சுருங்கி நிக்கும்.

3. பழைய துணிதான் அளவு: கிழிக்காம எடுத்து, தையலைப் பிரிச்சு, துண்டு துண்டா விரிச்சார். நடுக்கோடு அடையாளம் போட்டார். புது ரெக்ஸின் பின்பக்கத்துல அச்சு வரைஞ்சார். தையல் வர்ற பக்கம் பழைய அளவு அப்படியே. வெளி ஓரத்துல மட்டும் ரெண்டு மூணு இன்ச் கூடுதல். ஏன்னா பழைய துணி சுருங்கியோ நீண்டோ இருக்கலாம். ஒவ்வொரு தையல்லயும் கால் இன்ச் தப்பினா, அஞ்சு தையல்ல ஒண்ணே கால் இன்ச். சின்னத் தப்பும் கூட்டு வட்டி மாதிரி சேர்ந்துடும்னு தம்பிகிட்ட சொன்னேன். "இங்கயுமாண்ணா"ன்னு சிரிச்சான்.

4. நூல்: பருத்தி நூல் வேண்டாம்னுட்டார். வெயிலும் ஈரமும் பட்டு இத்துப்போகும். பாலியஸ்டர் நூல்தான் போட்டார். எங்க பழைய லைனிங்ல துணி நல்லாத்தான் இருந்தது, முதல்ல விட்டது தையல்தான்.

5. தகரம்: கூரை உள்பக்கம் துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, முழுசா காய விட்டாங்க. பின் கண்ணாடி மூலையில ஒரு இடம் பொத்தலாகிற நிலையில இருந்தது. டிங்கர் வந்து சரி பண்ணினார். மேல வெப்பம் தடுக்கிற ஷீட் ஒட்டினாங்க. திருத்தணி வெயிலுக்கு இது ஆடம்பரம் இல்ல.

6. மாட்டுறது: தைச்ச லைனிங்கை அரை மணி நேரம் வெயில்ல விரிச்சுப் போட்டார். சூட்டுல ரெக்ஸின் இளகும், இழுத்து மாட்டினா ஆறும்போது விறைப்பா நிக்கும். கம்பிகளைக் கோர்த்து, நடுக்கோட்டைச் சரி பார்த்து, ஒவ்வொண்ணா ஓட்டையில உட்கார வச்சார். முதல்ல முன்னும் பின்னும் இழுத்து கிளிப் போட்டார். அப்புறம்தான் பக்கவாட்டு. நடுவுல ஆரம்பிச்சு மூலைக்குப் போகணும். மூலையில ஆரம்பிச்சா சுருக்கம் நடுவுல மாட்டிக்கும்.

7. பசை: ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத அளவு காஞ்ச பிறகுதான் சேர்க்கணும். அவசரப்பட்டு ஈரத்துல ஒட்டினா வழுக்கும். கதவைத் திறந்து வச்சு செய்யணும், வாசனை தலையைச் சுத்தும்.

8. கடைசியா வெட்டுறது: எல்லாம் விறைப்பா நின்ன பிறகுதான் ஓரத்தை வெட்டி, ரூஃப் லைட்டுக்கு ஓட்டை போட்டார். "முதல்லயே ஓட்டை போட்டா, இழுக்கும்போது அது எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" பிறகு கண்ணாடி, ரப்பர், பீடிங்.

திரும்பி வர முடியாத முடிவைக் கடைசியா எடுங்க. லோன்ல கையெழுத்து போடுறதும் அப்படித்தான்.

முழு கணக்கு

- ரெக்ஸின் 5 மீட்டர்: 2,100
- தையல், மாட்டும் கூலி: 7,500
- முன், பின் கண்ணாடி ரப்பர்: 3,200
- கண்ணாடி கழட்டி மாட்ட: 1,500
- துரு, பிரைமர், டிங்கரிங்: 3,800
- பசை, நூல், பீடிங்: 1,450
- ரூஃப் லைட், ஒயரிங்: 900
- வெப்பம் தடுக்கும் ஷீட்: 1,800
- மொத்தம்: 22,250
- முதல் ஆள்கிட்ட விட்டது: 5,100
- ஆக மொத்தம்: 27,350

இது எங்க வண்டி கணக்கு. உங்க ஊர்ல, உங்க வண்டிக்கு மாறும். ஆனா விகிதத்தைப் பாருங்க. நான் நினைச்சது 9,600. சரியான ஆள்கிட்ட போனாலே உண்மைச் செலவு 22,250. கிட்டத்தட்ட 2.3 மடங்கு. அதனால பழைய வண்டி, பழைய வீடு எதுவா இருந்தாலும், முதல் கொட்டேஷனை ரெண்டால பெருக்கிப் பாருங்க. அந்தத் தொகை கையில இருந்தா ஆரம்பிங்க. இல்லைன்னா மாசம் 3,000 ஆர்.டி. போட்டு பத்து மாசம் காத்திருங்க. 30,000 வந்துடும், வட்டி கட்டறதுக்குப் பதிலா வாங்குவீங்க.

செலவை மூணு அடுக்காவும் பிரிங்க. பாதுகாப்புக்கு: பிரேக், டயர், ஒயரிங். மேலும் கெடாம இருக்க: துரு, ரப்பர், ஒழுகல். அழகுக்கு: பெயின்ட், பாலிஷ், ஸ்டீரியோ. முதல் ரெண்டையும் முடிக்காம மூணாவதுக்குப் போகாதீங்க. எங்க லைனிங் அழகு மாதிரி தெரிஞ்சாலும், ஓட்டுறவர் கண்ணை மறைச்சதால அது முதல் அடுக்கு.

பில் விஷயம்: "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18% எக்ஸ்ட்ரா"

இந்த வசனம் எல்லாருக்கும் தெரியும். சர்வீஸ் வேலை செய்யுற கடைக்கு வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டினாதான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுக்குக் கீழ இருக்கிற சின்னக் கடைக்காரர் பதிவு பண்ணாம இருக்கிறது தப்பு இல்ல. ஆனா பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டின்னு சொல்லி ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. வாங்கினா பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கணும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா கடை பேர் வரும். நம்மள மாதிரி எல்லை ஊர்க்காரங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: தமிழ்நாட்டு எண் 33-ல ஆரம்பிக்கும், நகரி, புத்தூர் பக்கம் ஆந்திர எண் 37-ல ஆரம்பிக்கும்.

பதிவு இல்லாத கடையிலயும் சாதா பில் கேட்டு வாங்கலாம். தேதி, வண்டி நம்பர், என்ன வேலை, எவ்வளவு தொகை, கையெழுத்து. அவ்வளவுதான். எங்க பெரியவர் தன் லெட்டர் பேடுலயே எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐ-ல அனுப்பி, குறிப்புல வண்டி நம்பர் போட்டேன்.

அந்த பில்லை ஏன் பத்திரமா வைக்கணும்?

இப்ப தம்பியோட "இன்வெஸ்ட்மென்ட்" வாதத்துக்கு வருவோம்.

வருமான வரிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் பொதுவா மூலதனச் சொத்து ஆகாது. 1961 சட்டத்துல பிரிவு 2(14). சாதாரணமா நம்ம காரை வித்து லாபம் வந்தா வரி இல்ல. நஷ்டம் வந்தா கழிக்கவும் முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் நடைமுறைன்னாலும் இந்த அடிப்படை அப்படியேதான்.

ஆனா "சொந்த உபயோகம்"ங்கிறதை நிரூபிக்கணும். மும்பை உயர் நீதிமன்றத்துல 2025 ஆகஸ்ட்ல ஒரு தீர்ப்பு வந்தது. சம்பளத்துல இருந்த ஒருத்தர், 1931 மாடல் ஃபோர்டு டூரர் காரை 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 21 லட்சத்துக்கு வித்தார். சொந்த உபயோகப் பொருள், வரி கிடையாதுன்னு வாதம். வேலைக்குப் போக அவர் கம்பெனி காரைத்தான் பயன்படுத்தினார். விண்டேஜ் கார் அவர் வீட்டுல நிறுத்தப்படல. பராமரிப்புச் செலவுக்கும் ஆதாரம் காட்டல. பயன்படுத்த முடியும்ங்கிறது மட்டும் போதாது, உண்மையில பயன்படுத்தியிருக்கணும்னு சொல்லி, நீதிமன்றம் அவருக்கு எதிரா முடிவு சொன்னது.

புரியுதா? "லாபத்துக்கு விக்கத்தான் வாங்கினேன், ஓட்டவே இல்ல"ன்னா வரி வரும். ஓட்டினா, பராமரிச்சா, பில் வச்சிருந்தா, உங்க பக்கம் ஆதாரம் இருக்கும். கூரைத் துணி பில் சின்னக் காகிதம்தான். 20 வருஷம் கழிச்சு யாராவது கேட்டா, அப்பா இந்த வண்டியில மலைக்குப் போனார்ங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

ஆர்.சி.யை மறந்துடாதீங்க

ரூஃபுக்கு 22,000 செலவு பண்ணிட்டு ஆர்.சி. காலாவதியான வண்டியை ஓட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். நாலு விஷயம்:

- சொந்தக் காருக்கு முதல் ஆர்.சி. 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்கு அப்புறம் 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இதையும் பட்ஜெட்ல சேருங்க. வருஷத்துக்கு 2,000 ஒதுக்கினா போதும்.

- 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிசா மாத்தப்படாம இருந்தா, 2021 விதிகள்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் செல்லும். துணி மாத்துறது அந்தத் தகுதியைக் கெடுக்காது. ஆனா விண்டேஜ் பதிவு வண்டியை தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக மட்டும். அப்பாவுக்குக் கோவிலுக்குப் போகணும், அதனால நாங்க சாதா ஆர்.சி.யையே புதுப்பிச்சோம்.

- ஆந்திரா பதிவு வண்டி விலை குறைவா இருக்குன்னு வாங்கினா, 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா தமிழ்நாட்டு நம்பர் வாங்கணும். அங்க இருந்து என்ஓசி, இங்க ரோடு டேக்ஸ் எல்லாம் சேர்த்துதான் "குறைவான விலை".

- 5 வருஷம் தாண்டின வண்டியோட ஐடிவி, நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. போட்டோ, பில் எல்லாம் கையில இருந்தா பேச ஆதாரம் இருக்கும்.

வேலைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, இதை எழுதி வாங்குங்க

1. எதையெல்லாம் கழட்டணும், யார் கழட்டுறாங்க, உடைஞ்சா யார் பொறுப்பு?
2. அளவு எப்படி எடுப்பீங்க? பழையதைப் பிரிச்சா, டேப் வச்சா?
3. சாமான் யார் வாங்குறது, வீணானா யார் செலவு?
4. உள்ள வேற பிரச்சனை தெரிஞ்சா, என்கிட்ட கேட்டுட்டுத்தானே செய்வீங்க?
5. அட்வான்ஸ் எவ்வளவு? மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். மிச்சம் வேலை முடிஞ்சு, வெயில்ல ஒரு நாள் நிறுத்திப் பார்த்த பிறகு.

வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் போதும். பெரிய அக்ரிமென்ட் எல்லாம் தேவையில்ல.

கடைசியா

தம்பி லோனை எடுக்கல. அவன் பங்கா 10,000 போட்டான், மீதியை நான் பார்த்துக்கிட்டேன். இஎம்ஐ கட்டியிருக்க வேண்டிய 5,127-ல 3,000 ரூபாயை இப்ப மாசாமாசம் எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போடுறான். மலைப் பாதையில அப்பா ரெண்டு கையாலயும் ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டுறார். போன செவ்வாய்க்கிழமை இறங்கி வரும்போது தம்பி கேட்டான், "பெரியப்பா, இதை வித்தா எவ்வளவு போகும்?" அப்பா சொன்னார், "வித்துட்டா நான் எதுல மேல போறது?"

குடும்ப வண்டிக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. அதைச் செலவுன்னே எழுதுங்க. முதலீடுன்னு பேர் வச்சுக் கடன் வாங்காதீங்க.

கொட்டேஷனை ரெண்டால பெருக்குங்க, "வேற எதைக் கழட்டணும்"னு கேளுங்க, பில்லை ஃபைல்ல வைங்க. இந்தக் கணக்கையே எக்செல் ஷீட்டா போட்டு அடுத்த வீடியோல காட்டறேன். உங்க வீட்டு ரிப்பேருக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

வரி சம்பந்தமா இங்க சொன்னது பொதுவான விளக்கம்தான். பெரிய தொகைக்கு வண்டி வாங்கவோ விக்கவோ போறீங்கன்னா, உங்க ஆவணங்களோட ஒரு ஆடிட்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.